நீட்டிய கை

அன்புள்ள அம்மாவுக்கு,

அந்தப் பெண்ணைக் கொன்றது எங்கள் அலுவலகம்தான். பயந்துவிடாதே, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நம்மூர் போல இல்லாமல் இந்த நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். இடப்பக்கம் திரும்பினால் எதிர் வண்டிகளைக் குறுக்கே தாண்டவேண்டும். எங்கள் போக்குவரத்து அலுவலகத்தில், பக்கத்து நாற்சந்தியில் அதற்கு எந்த சிக்னல் சரி என்று ஆராய்ந்தோம். தனிப் பச்சை அம்பு என்றால் அப்போது யாரும் நடந்து கடக்க முடியாது. விட்டுவிட்டு எரியும் மஞ்சள் அம்பு என்றால் 'பார்த்துத் திரும்பு' என்று அர்த்தம், ஆளும் காரும் ஒரே நேரத்தில் போகலாம். கார்கள் காத்திருப்பது குறையும். கேமராப் பதிவைப் பார்த்து அந்தக் காத்திருப்பைக் கணக்கிடுவது என் வேலை.

பதிவில் தினமும் ஒரு பெண் துணிப்பையோடு வருவாள். உன்னைப் போலவே ஒரு கையை நீட்டிக் கார்களை நிறுத்திவிட்டுக் கடப்பாள். அவளுக்காகக் கார்கள் நின்றதைத் தாமதம் என்று எழுதச் சொன்னார்கள். மஞ்சள் அம்பை வைத்தார்கள். போன வாரம் திரும்பிய கார் ஒன்று அவளை அடித்துப் போட்டுவிட்டது.

"தனி அம்பு வச்சிடலாம் சார்," என்றேன்.

"எதுக்குப்பா? தாமதம் இன்னும் குறைஞ்சிருக்கு, நீயே பாரு," என்றார் பொறியாளர்.

குறையாமல் என்ன செய்யும்? அவள்தான் இல்லையே. பழைய பதிவில் மட்டும் இன்னும் கடந்துகொண்டிருக்கிறாள். திரையை அணைத்த பிறகும் அந்தக் கை கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

நீ பாத்திரம் கழுவும்போது எனக்குப் போனைப் போட்டுப் பக்கத்தில் வை. பேசவேண்டாம், சத்தம் கேட்டால் போதும். பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். கடைக்குப் போகும்போது கையை நீட்டிக்கொண்டு ரோட்டில் இறங்காதே. இறங்கமாட்டேன்னு சொல்லும்மா.