அரை டம்ளர் பால்

செஞ்சி
12.8.2024

அன்பு மதிக்கு,

போனில் குழந்தை ஜினா பேசுகிறாள், நீ பேசுவதில்லை. அதனால் தொண்டூர் பஸ் கண்டக்டர் வீராசாமியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவள் தொடைப்புண் எப்படி இருக்கிறது? கடையில் வியாபாரம் மந்தம்.

கட்டுப் பிரிக்க மயக்கம் கொடுத்தபோது அவள் வாந்தியெடுத்து மூச்சுத் திணறியது யாருடைய போதாத நேரமோ. பிழைத்துவிட்டாள். அக்கா ஏதோ சொன்னாள் என்று பிறந்த வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டால் எப்படி? இருபதாம் தேதி தோல் ஒட்ட மறுபடி மயக்கம் கொடுக்க வேண்டும். அதற்குள் வந்துவிடு.

உன்,
தேவராஜ்


தொண்டூர்
14.8.2024

ஜினாவின் நைனாவுக்கு,

உங்கள் அக்கா "ஏதோ" சொல்லவில்லை. "பெத்தவளே புள்ளைக்கு எமனாயிட்டா"ன்னு தெருவே கேட்கச் சொன்னார். டாக்டரும் என்னைத்தான் கேட்டார், "வெறும் வயித்தோட கூட்டியாரச் சொன்னோமே, இன்னாம்மா குடுத்த? வயித்துல பால் இருந்துதே."

நான் கொடுக்கவில்லை. ஆனால் எல்லோரும் கேட்கக் கேட்க எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தூக்கக் கலக்கத்தில் கொடுத்துவிட்டேனோ? அவளுக்குச் சோறு பிசையவே கை கூசுகிறது. வெளியே தலை காட்டுவதில்லை. குழந்தையைக் கேட்டால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைக்கிறாளோ என்னவோ.

அனந்தமதி


செஞ்சி
16.8.2024

மதி,

நீ கொடுக்கவில்லை. நான்தான் கொடுத்தேன்.

நீ தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாய். முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டவள், "பசிக்குது நைனா"ன்னு காலைக் கட்டிக்கொண்டாள். பால்தானே, சாப்பாடா என்று அரை டம்ளர் கொடுத்தேன். வாயைத் துண்டால் துடைத்து, "யார்கிட்டயும் சொல்லாத" என்றேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மகாலட்சுமி, "பாப்பா ஏதாவது சாப்ட்டாளா?" என்று கேட்டார். "நாங்க ஜைனருங்க. பொழுது சாஞ்சா தண்ணிகூட குடிக்க மாட்டோம்" என்றேன். சொன்னது உண்மை. கேட்டதற்கு அது பதில் இல்லை. அந்தம்மா நம்பி எழுதிக்கொண்டார்.

டாக்டர் உன்னைக் கேட்டபோது நான் சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது முழுதும் மனப்பாடம். வியாபாரம் மந்தம் என்று எழுதினேனே, வெட்கத்தில் கடைக்கே போகவில்லை. அக்காவிடம் இன்னும் சொல்ல வாய் வரவில்லை.

தேவராஜ்


தொண்டூர்
18.8.2024

ஜினாவின் நைனாவுக்கு,

பசி என்று அழுதால் நானும் கொடுத்திருப்பேனோ என்னவோ. அதை மன்னித்துவிடலாம். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வலி தெரியாமல் இருக்கத்தான் அந்த மயக்க மருந்து. பயந்துகொண்டு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இருபதாம் தேதி நேரே ஆஸ்பத்திரிக்கு வருகிறோம். உங்கள் அக்காவையும் கூட்டி வாருங்கள். நர்ஸ் கேட்கும்போது அக்கா முன்னாலேயே, அன்றைக்கும் சேர்த்து, நீங்களே பதில் சொல்லுங்கள். வீட்டுக்கு வருவதை அப்புறம் பார்ப்போம்.

உங்கள் கடிதத்தைப் படித்து நான் அழுததை ஜினா பார்த்துவிட்டாள். "நைனாவே சொல்லிட்டாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன்.

"அப்ப இனிமே நான் சொல்லலாமா?"

நைனாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

அனந்தமதி