கோர்ட்டுக்குப் போன பம்பரம்

அன்புள்ள பம்பரத்துக்கு,

அம்மா எழுதுறேன். இங்க எல்லாரும் உடம்பளவுல நல்லா இருக்கோம், மனசளவுல கேக்காதே. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமா இருக்கணும்னு தினமும் வேண்டிக்கிறேன். உன்னை இந்தப் பேர் சொல்லிக் கூப்பிடவே இப்ப பயமா இருக்கு. தீர்ப்பு வர்ற வரைக்கும் ரெண்டு கடையும் 'பம்பரம்'ங்கிற பேரைத் தொடக் கூடாதுன்னு ஜட்ஜ் உத்தரவு போட்டுட்டார். நம்ம ரொட்டிக்கடை போர்டைச் சாக்கு போட்டு மூடியிருக்கு, அடுத்த தெருவுல மாஸ்டர் கடை போர்டை நீல பிளாஸ்டிக் ஷீட்டால மூடியிருக்கு. ரொட்டி சுத்துற பேப்பர்லயும் பம்பரப் படம் இருக்குறதால அத்தனை கட்டையும் பரண்ல ஏத்திட்டு அப்பா வெறும் வெள்ளைத் தாள்ல சுத்திக் கொடுக்குறார். கடுதாசியில கூப்பிட்டா கேஸ் வராதுன்னு நினைக்கிறேன்.

போன்ல பேசும்போது அப்பா பக்கத்துலயே நிக்கிறதால உன்கிட்ட பாதிதான் சொல்ல முடிஞ்சுது. ஒரு ட்ரே ரொட்டி கருகினதுக்கு வாடிக்கைக்காரங்க முன்னாடி அப்பா கத்தினதும், இருபத்திரெண்டு வருஷம் நம்ம அடுப்படியில நின்ன மாஸ்டர் ஏப்ரனைக் கழட்டி ஆணியில மாட்டிட்டுப் போனதும் உனக்குத் தெரியும். மூணு மாசத்துல அடுத்த தெருவுலயே 'பம்பரம் ரொட்டிக்கடை'ன்னு திறந்துட்டார். அப்பாவுக்கு வந்துச்சே கோபம்! என் பேரைத் திருடிட்டான், தொழில் ரகசியத்தையும் திருடிட்டான்னு கேஸ் போட்டார். ரெண்டுமே என்னோடதுதான்னு மாஸ்டர் பதில் போட்டார். சரி, அந்த ரகசியத்தை எழுதி கவர்ல போட்டு சீல் வெச்சுக் கொடுங்க, நான் மட்டும் பிரிச்சுப் பார்க்குறேன்னு ஜட்ஜ் கேட்டார். அப்பா பேனாவும் தாளுமா சாப்பாட்டு மேஜையில உக்காந்தார். மைதான்னு எழுதினார். ஈஸ்ட்னு எழுதினார். அப்புறம் என்னைப் பார்த்தார். நேத்து மிஞ்சின மாவை இன்னிக்கு மாவோட சேர்க்கணும்னு நமக்கெல்லாம் தெரியும், எவ்வளவு, எப்போ, எந்தப் பதத்துலன்னு மாஸ்டர் கைக்குத்தானே தெரியும்? முதலாளி கல்லாவை விட்டு எழுந்திருந்தால்ல தெரியும். எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். ஒரு வாரம் அவரே பிசைஞ்சு பார்த்தார். எதிர்வீட்டு டீச்சர் முகதாட்சண்யத்துக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போய், நல்ல பல் டாக்டர் யாராவது தெரியுமான்னு மறுநாள் என்கிட்ட கேட்டாங்க. கடைசியில வக்கீல் தலையில அடிச்சுக்கிட்டு ரகசியப் புகாரை மட்டும் வாபஸ் வாங்கினார். இப்ப பேர் ஒண்ணுதான் பாக்கி.

அதுக்காகத்தான் இந்தக் கவர்ல டைப் அடிச்ச அபிடவிட் ஒண்ணு, உன் பேர்ல எழுதின சத்தியப் பத்திரம். மூணாவது பாராவைப் பாரு, 'மேற்படி பெயர் சிறு வயதில் என் தந்தை எனக்கு வைத்த செல்லப்பெயர்'னு இருக்கும். நீ கையெழுத்துப் போட்டா கேஸ் நம்ம பக்கம்தான்னு வக்கீல் அடிச்சுச் சொல்றார். ஆனா கண்ணு, உனக்கு அப்ப மூணு வயசு, ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கு. மாவு மூட்டைக்கு நடுவுல நீ சுத்திச் சுத்தி, தலை கிறுகிறுத்து விழுந்து, முகமெல்லாம் வெள்ளையா எழுந்து மறுபடியும் சுத்தினே. அக்கா, இது குழந்தை இல்ல, பம்பரம்னு முதல்ல சொன்னது மாஸ்டர்தான். அப்பா அன்னிக்குச் சரக்கு வாங்கப் போயிருந்தார். வந்து அவரும் கூப்பிட ஆரம்பிச்சார், அப்புறம் கடைக்கும் அதையே வெச்சார், கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தான் வெச்ச பேருன்னே மனசுல பதிஞ்சுபோச்சு. பொய் சொல்றார்னு நினைக்காதே, நிஜமாவே அப்படித்தான் நம்புறார். நானும் இத்தனை நாள் வாயைத் திறக்கலை, அது என் தப்புதான்.

போன வாய்தாவுக்கு நானும் போயிருந்தேன். மின்விசிறிகூட இல்லாத வராந்தாவுல மூணு மணி நேரம் உக்காந்து முதுகு விட்டுப்போச்சு. எதிர் பெஞ்சுல இருந்த மாஸ்டர் எழுந்து வந்து, அக்கா, பம்பரம் எப்படி இருக்கு, அந்த ஊர்க் குளிர் தாங்குதான்னு கேட்டார். நல்லா இருக்குன்னேன். அவ்வளவுதான். அதைப் பார்த்துட்டு நம்ம வக்கீல் ஓடி வந்து, உங்க பொண்ணை அந்தப் பேர் சொல்லியா கேட்டார், அப்ப பேர் உங்க வீட்டுதுன்னு அவர் வாயாலயே ஒத்துக்கிட்டார், நீங்க கூண்டுல ஏறி இதைச் சொல்லிட்டாப் போதும்னு குதிக்கிறார். எனக்கு உடம்பே கூசிப்போச்சு. ஒரு மனுஷன் பிரியமா விசாரிச்சதை எடுத்து அவர் கழுத்துலயே கட்டுறதா? எனக்குக் காது சரியாக் கேக்கலைன்னு சொல்லிட்டேன். பஸ்ல பாதி வழி வந்ததும் அப்பா ஜன்னலைப் பார்த்துக்கிட்டே, அவனுக்கு அந்தப் பழைய இருமல் விட்டுச்சாமான்னு கேட்டார். காது கேக்காதவகிட்டப் போய்க் கேக்குறீங்களேன்னேன். அவர் சிரிக்கலை, எனக்கும் சிரிப்பு வரலை.

அலுத்துப்போச்சும்மா. இந்தத் தாளை அனுப்பச் சொன்னது அப்பா, அனுப்பிட்டேன். கூட இந்தக் கடுதாசியை வெச்சது நான், அது அவருக்குத் தெரியாது. என்னைக் கேட்டா, கையெழுத்துப் போடாதே. அம்மா தடுத்தான்னு தாராளமாச் சொல்லு, திட்டு வாங்குறது எனக்குப் புதுசா என்ன? குட்டிக்குக் காதை மூடுற மாதிரி தொப்பி போடு, நீயும் நின்னுக்கிட்டே சாப்பிடாதே. கையெழுத்துப் போட்டேன்னா அப்பாவுக்கு அந்தப் போர்டு கிடைச்சிடும். ஆனா உன்னைப் பம்பரம்னு சொல்லி விசாரிக்க இந்த உலகத்துல மொத்தமே மூணு பேர்தான் இருக்கோம், அதுல ஒருத்தர் குறைஞ்சிடுவார்.

நீங்க மூணு பேரும் நோய் நொடி இல்லாம நிறைஞ்சு இருங்க. அடுத்த வாய்தா பதினெட்டாம் தேதி, அதுக்குள்ள அப்பாவுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிடு, என் மூலமாச் சொல்லாதே. அவர் கத்தினா கத்தட்டும், போனை மட்டும் வெச்சுடாதே.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அம்மா