பதினாறுக்குக் கீழே இறங்காத கணக்கு

என் அருமை மதினிக்கு,

உங்கள் டீச்சரம்மா எழுதுகிறேன். நீங்கள் இருந்தவரை உங்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை. அடுத்த வீட்டிலேயே இருக்கும் சொந்த அண்ணன் பெண்டாட்டிக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? சுவருக்கு அந்தப் பக்கம் நின்று "டீச்சரம்மா, குழம்பு வச்சாச்சா?" என்பீர்கள். நான் இந்தப் பக்கமிருந்து கத்துவேன். அதுதான் நம் தபால்.

நீங்கள் போய் எட்டு மாதமாகிவிட்டது. அண்ணன் நன்றாக இருக்கிறார் என்று பொய் சொல்ல மாட்டேன். வேலைக்குப் போகிறார், வருகிறார். வாசலில் கிடக்கும் உங்கள் செருப்பை மட்டும் யாரையும் எடுக்க விடுவதில்லை.

பட்டாசுக் கம்பெனியில் தீப்பிடித்து உங்களைக் கொண்டுபோன அறையைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். தீபாவளி சீசன் நெருங்குகிறதில்லையா? மருந்து அடைத்த சக்கரங்களைத் தட்டில் பரப்பிக் காயவைக்க, நீங்கள் உட்கார்ந்த இடத்தில் இப்போது முத்துமாரி உட்காருகிறாள். உங்கள் கல்யாணத்தில் பந்தியில் இடம் பிடிக்கச் சண்டை போட்டாளே, அதே முத்துமாரிதான்.

"அந்தம்மா கவனமில்லாம தட்டைச் சேர்த்து வச்சிட்டாக" என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். பதினைந்து தட்டுக்கு மேல் வைக்கக் கூடாது என்று கதவில் எழுதியிருக்கிறதாம். அதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அவர்கள் மேல் பாய எனக்கு என்ன யோக்கியதை? அது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்.

அன்று நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதிக் கொண்டுவந்தீர்கள். 48, 32, 24, 20, 18, 17. "இது எங்கன போயி நிக்கும்னு பாத்துச் சொல்லுங்க, டீச்சரம்மா." நான் பத்தாம் வகுப்புத் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமல் வித்தியாசத்தைப் பார்த்தேன். பதினாறு, எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று. "அழகாப் பாதி பாதியாக் குறையுது மதினி, நல்லாத்தான் போகுது" என்றேன்.

"குறையுதுல்ல? அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

எதை எண்ணினீர்கள் என்று நான் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு நடத்துகிறவள், குறைகிறது என்று சொன்னேனே தவிர, எதுவரை குறையும் என்று பார்க்கவில்லை. நீங்கள் கேட்டது அதைத்தானே?

போன வாரம் அந்தத் தாள் என் புத்தகத்துக்குள் கிடைத்தது. முத்துமாரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் சொன்னாள்: "ஒவ்வொரு நடைக்கும் பாதித் தட்டைத்தான் பேக்கிங்குக்கு எடுப்பாக டீச்சர். அங்கன ஆளுக சும்மா உக்காரக் கூடாதுன்னு, அடுத்த நடைக்குப் பாதியை விட்டு வைப்பாக. எடுத்த கையோட புதுசா எட்டுத் தட்டு வந்துரும்."

முந்தைய எண்ணில் பாதி, அதோடு எட்டு. வாய்பாடு இம்புட்டுத்தான். ஞாயிறு விடுமுறைக்கு முன்னால் எடுக்காமல் விட்டுச் சேர்ந்ததெல்லாம் திங்கட்கிழமை நாற்பத்தெட்டாக நிற்கும். நடைக்கு நடை குறைவதைப் பார்த்து எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட்டீர்கள். அது பதினாறுக்குக் கீழே இறங்கவே இறங்காது, மதினி. நீங்கள் என்ன கவனமாக இருந்தாலும் இறங்காது.

மறுநாளே லீவு போட்டுவிட்டுக் கம்பெனி வாசலில் போய் நின்றேன். உள்ளே விடவில்லை. போர்மேன் அண்ணாச்சிதான் வெளியே வந்தார்.

"என்ன டீச்சர், இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக?"

சொன்னேன். அவர் சிரித்தார். "நடைக்கு நடை குறையத்தான செய்யுது. சாயங்காலத்துக்குள்ள சரியாயிரும் டீச்சர்."

"எண்ணிப் பாப்போமா?" என்று எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். தட்டுகளுக்குப் பதிலாக வைத்துக் காட்டப் பையில் காலிக் காகிதக் குழாய்கள் கொண்டுபோயிருந்தேன். நாற்பத்தெட்டை அடுக்கி, அவர் கையாலேயே பாதியை எடுக்க வைத்து, எட்டைச் சேர்க்க வைத்தேன். பதினேழு வரை சிரித்துக்கொண்டுதான் எடுத்தார். பதினேழில் எட்டை எடுத்தார், எட்டைச் சேர்த்தார், மறுபடி பதினேழு. ஒன்பதை எடுத்துப் பார்த்தார், பதினாறு. பதினாறில் எட்டு போய் எட்டு வந்தது, பதினாறு. மூன்று தடவை செய்தார். டீ ஆறிப்போய்விட்டது.

உள்ளேயிருந்து யாரோ அடுத்த நடைக்குக் குரல் கொடுத்தார்கள். அவர் எழுந்து கேட்டைப் பார்த்துக் கத்தினார்: "ஏலே, பாதியில நிறுத்தாதீக. மொத்தத்தையும் எடுத்த பொறவுதான் அடுத்த எட்டு உள்ள போகணும்."

பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க மதினி எங்கிட்டயும் வந்து கேட்டாக டீச்சர். நான் பாக்கலை" என்றார். அவரைத் திட்ட எவ்வளவோ நினைத்து வைத்திருந்தேன்; குழாய்களைப் பொறுக்கிப் பையில் போட்டேன். என்னிடமும்தானே கேட்டீர்கள்.

தீ எங்கே பிடித்தது என்று இன்னும் தெரியவில்லை. உங்களைச் சுற்றிப் பதினைந்துக்குள் இருந்திருந்தால் வாசலுக்கு வந்திருப்பீர்களா? யாரிடம் கேட்பேன்? நான் ஒரு நிமிடம் பேனாவைக் கீழே வைத்திருக்கலாம். மன்னித்துவிடுங்கள் என்று கேட்கவும் கூசுகிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

இப்போது முத்துமாரி தினமும் தட்டை எண்ணி, வீட்டுக்கு வந்ததும் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி என்னிடம் தருகிறாள். மூன்று நாளாக எட்டு, எட்டு, எட்டு என்றே இருந்தது. இன்று சாயங்காலம் வந்த தாளில் 8, 8, 8, 8, 12.

"பன்னெண்டுதான டீச்சர்? பதினஞ்சுக்கு இன்னும் எம்புட்டோ இருக்கு" என்கிறாள்.

எட்டில் பாதி நான்கு, அதோடு எட்டு. பழைய பழக்கம் திரும்பிவிட்டது. இதை விட்டால் அடுத்து பதினான்கு, அதற்கடுத்து பதினைந்து, பிறகு அந்தப் பதினாறில் போய்த்தான் உட்காரும். மேலேயிருந்து இறங்கினாலும் கீழேயிருந்து ஏறினாலும் அதற்கு ஒரே இடம்தான்.

நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டேன். முதல் தட்டு உள்ளே போகும் முன்னால் கேட்டில் நிற்பேன், மதினி. நாளைக்கு மட்டுமல்ல. முத்துமாரியின் தாளில் எட்டைத் தவிர வேறு எண் வருகிற ஒவ்வொரு மறுநாளும் நிற்பேன்.

நீங்கள் கேட்டதற்கு எட்டு மாதம் கழித்துப் பதில் சொல்லும்,
உங்கள் நாத்தனார்,
தாயில்பட்டி.