பதில் சொல்கிறவள்

உங்கள் காக்கிப் பையை இன்று காலை துவைத்துக் கொடியில் போட்டேன். இரண்டு தண்ணீரில் அலசியும் அந்த வாடை போகவில்லை. சாம்பிராணி, உருகிய மெழுகு, அவற்றோடு உங்கள் சைக்கிள் சங்கிலிக்குப் போடுகிற எண்ணெய். முகத்தருகே கொண்டுபோனால் நீங்கள் இப்போதுதான் வியர்த்து விறுவிறுத்து வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது.

நம் மகளுக்கு இந்தப் பையைக் கண்டாலே ஆகவில்லை. போன ஞாயிறு பூசை முடிந்து வந்தவள், "இத இன்னும் மாட்டிக்கிட்டு அலையிறியேம்மா. கோவில்ல ஒப்படைச்சிட்டு கோவில்பத்துல எங்க வூட்டுக்கு வந்து எங்களோட இரு. போதும் உழைச்சது" என்றாள். அவள் சொல்வதில் தப்பில்லை. எனக்கும் உட்காரத்தான் ஆசை. முழங்கால் இரண்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. உண்மையைச் சொன்னால், இந்தக் களைப்பு நீங்கள் போன பிறகு வந்ததல்ல. உபதேசியார் பெண்டாட்டியாக இந்த வீட்டுக்கு வந்த சில வருடங்களிலேயே வந்துவிட்டது.

பங்குச் சாமியார் ஒருவர், ஊர்கள் பல. அவரால் வரமுடியாத இடத்துக்கெல்லாம் நீங்கள் போனீர்கள். நெரவிப் பக்கம் சில வீடுகள், பூவத்தில் வயல் வேலைக்குப் போகிற நாலைந்து வேதக்காரக் குடும்பங்கள். பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்க, படுத்துக் கிடப்பவர் பக்கத்தில் உட்கார, செத்தவரைச் செபம் சொல்லி அடக்கம் செய்ய என்று ஏதாவது ஒன்று இருக்கும். மகளுக்கு அம்மை போட்டிருந்த நாளிலும் பூவத்தில் யாருக்கோ காய்ச்சல் என்று சைக்கிளை எடுத்தீர்கள். "இங்க ஒரு புள்ள கிடக்குது" என்றேன். "நீ இருக்கியே" என்றீர்கள். அந்த வார்த்தையை நான் வெகு காலம் மன்னிக்கவில்லை.

"அரைமனசா குடுக்குறதுக்கு சாமி என்ன பிச்சையா கேக்குறாரு?" என்பீர்கள் அடிக்கடி. "முழு மனசையும் அங்க கொட்டிட்டா வூட்டுக்கு என்னத்த வழிச்சுக் குடுப்பீங்க?" என்று நானும் விடாமல் கேட்பேன். நீங்கள் சிரித்துவிட்டு ஆறிப்போன சோற்றைப் பிசைவீர்கள்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து பிரான்சிலேயே தங்கிவிட்ட உங்கள் அண்ணன், எழுபத்தைந்தாம் வருட வாக்கில் ஒரு கோடையில் வந்தார். வாசனைச் சோப்பும் மகளுக்கு ஒரு கம்பளிச் சட்டையும் கொண்டுவந்தார். காரைக்கால் வெயிலில் கம்பளிச் சட்டை எதற்கு என்று நினைத்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் விஷயம் வெளியே வந்தது.

"தம்பி, ஒனக்கு அங்க ஒரு வேல பேசி வச்சிருக்கேன். காயிதமெல்லாம் நான் பாத்துக்கிறேன். மூணு பேரும் கெளம்பி வாங்க. புள்ள படிப்பாவது உருப்படும்."

நீங்கள் வாயைத் திறப்பதற்குள் நான் மனத்துக்குள் புறப்பட்டுவிட்டேன். வெண்கலப் பானை தங்கைக்கு, ஆட்டுக்கல் பக்கத்து வீட்டுக்கு என்று பங்குகூடப் பிரித்தாகிவிட்டது.

"பூவத்துல யாராவது செத்தா யாருண்ணே மந்திரம் சொல்றது?" என்று கேட்டீர்கள்.

அண்ணன் சிரித்தார். "நீ இருக்கறதால அங்க சாவு நின்னுடுச்சா என்ன?"

"நிக்கலண்ணே. அதனாலதான் வர முடியல."

அவ்வளவுதான். அண்ணன் மறுவாரம் போய்விட்டார். கம்பளிச் சட்டை பெட்டியில் கிடந்து பூச்சி அரித்தது. அவர் ஊருக்குப் போன அன்று மத்தியானம் நீங்கள் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் எதிரில் போய் நின்றேன்.

"சாமி உங்களக் கூப்பிட்டாரு, சரி. என்னைய யாரு கூப்பிட்டா?"

நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள். பிறகு பெடலைச் சுற்றி எண்ணெய் எல்லா இடமும் ஓடுகிறதா என்று பார்த்தீர்கள். உங்களிடம் பதில் இல்லை என்றே எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கும் விளக்கு வைத்த பின் மன்றாட்டு மாலை நடந்தது. நம் வீட்டில் அது தவறியதே இல்லை. நீங்கள் சுரூபத்தின் முன் முழங்காலிட்டுப் புனிதர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவீர்கள். அடுப்படியிலிருந்து நான் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பேன். குழம்பைக் கிண்டிக்கொண்டே சொல்வேன், அரைத் தூக்கத்தில் சொல்வேன். சண்டை போட்ட நாளில் உங்களோடு பேச மாட்டேன். சூசையப்பருக்கும் அந்தோணியாருக்கும் முறையாகப் பதில் சொல்லிவிடுவேன். நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த நாள் வரைக்கும் அப்படித்தான்.

போன சித்திரையில் ஒரு மத்தியானம் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. பூவத்திலிருந்து ஓர் ஆள், தலையில் துண்டோடு நின்றான்.

"அம்மா, எங்க அப்பா காலையில தவறிட்டாரு. சாமியாரு பாண்டிச்சேரிக்குப் போயிருக்காராம். வெயிலு தாங்காது, இன்னிக்கே எடுத்தாவணும். சும்மா கொண்டுபோயி மண்ணுல போட மனசு வரலம்மா."

"நான் உபதேசியாரு இல்லப்பா. உபதேசியாரு பொண்டாட்டி."

"தெரிஞ்சிதாம்மா வந்திருக்கேன்."

வரமாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கை ஆணியில் தொங்கிய பையை எடுத்துவிட்டது. அவன் சைக்கிளில் முன்னே போக, நான் பஸ் பிடித்துப் போனேன்.

கிழவரைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். பையிலிருந்த உங்கள் பித்தளைச் சிலுவைச் சுரூபத்தைத் தலைமாட்டில் வைத்து மெழுகுதிரி ஏற்றினேன். எல்லாரும் முழங்காலிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தேன். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று வந்தது. ஒரு புனிதரையும் கூப்பிடாமல் பதில் மட்டும். இத்தனை வருடமும் வாய்க்குப் பழகியது அது ஒன்றுதானே. அங்கே இருந்தவர்களுக்கும் அதுதான் பழக்கம். கூப்பிடுவதற்கு எப்போதும் நீங்கள் இருந்தீர்கள். யாரும் சிரிக்கவில்லை, அடுத்து என்ன செய்வது என்றும் யாருக்கும் தெரியவில்லை.

செத்தவரின் மனைவி தலையைத் தூக்கினாள். "மெதுவா சொல்லுங்கம்மா. அவரு இனி எங்க போவப் போறாரு."

கண்ணை மூடிக்கொண்டேன். நம் அடுப்படியை நினைத்தேன். கூடத்திலிருந்து வரும் உங்கள் குரலை நினைத்தேன். முதல் பெயர் வந்தது. சனங்கள் பதில் சொன்னார்கள். இரண்டாவது வந்தது. நீங்கள் வழக்கமாக இருமுகிற இடத்தில் நானும் நிறுத்தினேன். கடைசிவரை ஒரு பெயர் விடவில்லை.

அடக்கம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த ஆள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். "அய்யா ஒருநாளு எங்கப்பாகிட்ட சொன்னாரும்மா. 'ஊரெல்லாம் என்னப் பெருசாப் பேசுறாங்க. வூட்டுல ஒருத்தி விடாம பதில் சொல்றா. அவ நிறுத்திட்டா எனக்குக் கூப்பிடத் தெம்பு இருக்காது'ன்னாரு. அத நெனச்சுக்கிட்டுதான் உங்களத் தேடி வந்தேன்."

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல? பூவத்துக்குத் தெரிந்த சேதி பத்தடி தள்ளியிருந்த என் அடுப்படிக்கு வரவில்லை. சங்கிலிக்கு எண்ணெய் விட்ட அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, உங்களைத் திட்டித் திட்டி அழுதேன். நீங்கள் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

அதிலிருந்து ஆட்கள் என்னைத் தேடி வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். சாமியாரும் தெரிந்தே விட்டுவிட்டார். உங்களைப் போல முழு மனசு எனக்கு வாய்க்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டேதான் போகிறேன், காலை நீவிக்கொண்டேதான் திரும்புகிறேன். மாலையில் இந்தக் கூடத்தில் உங்கள் பாதியையும் நானே சொல்லி, என் பாதியையும் நானே சொல்கிறேன். மூச்சு வாங்குகிறது. நீங்கள் எப்படித்தான் பசியோடு அவ்வளவையும் சொன்னீர்களோ தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து பையைக் கேட்பாள். கொடுத்துவிடலாம் என்றுதான் துவைத்தேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் சைக்கிள் மணி கேட்கிறது. யாரோ "அம்மா" என்கிறார்கள். பை இன்னும் ஈரமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, தோளில் கிடந்தே காயட்டும்.