ஈப்போ இறக்கமும் மின்சாரக் காரும்

7 ஜூலை 2025, திங்கள்

காலையிலிருந்து மழை. தேயிலைக் கொழுந்து குறைவு, இவர் ஓட்டும் லோரிக்கு இரண்டே நடைதான் என்று இவர் சீக்கிரம் வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "அக்கா கீழ் ரூமக் கழுவி வச்சிட்டாங்களாம்" என்றார். கீழே ஈப்போவில் இருக்கும் இவர் அக்கா பெட்டி அண்ணிக்குத் தம்பி குடும்பத்தின் மேல் அவ்வளவு அக்கறை. நானும் மகள் டிஃபனியும் அங்கே போய் இரண்டு வருஷம் இருக்க வேண்டுமாம். இவர் இங்கே எஸ்டேட் வீட்டில் தனியாகப் பொங்கித் தின்பாராம். முட்டை பொரிக்கத் தெரியாத மனுஷன்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் எதிர்த்துச் சொல்ல என்ன இருக்கிறது? டிஃபனிக்கு ஆறு வயது. காதுக் கருவி வைத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் ஒரு வார்த்தை முழுதாக வரவில்லை. வியாழன்தோறும் ஈப்போவில் பேச்சுப் பயிற்சி. விடவே கூடாது, இந்த வயசு போனால் திரும்ப வராது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இவருக்கு வாராவாரம் லீவு கிடைக்காது. பஸ்ஸில் ஏற்றினால் இரண்டாவது வளைவிலேயே பிள்ளை வாந்தி எடுக்கிறாள். நான்தான் வேனில் கூட்டிக்கொண்டு போனேன் — ஜனவரி வரைக்கும்.

9 ஜூலை, புதன்

ஜனவரியைப் பற்றி இதுவரை எழுதவில்லை. எழுதித் தொலைக்கிறேன். கம்போங் ராஜாவைத் தாண்டி சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் சாலையில், எங்கள் பழைய வேனின் பிரேக் மிதிக்க மிதிக்கத் தரைவரைக்கும் போனது. மலைப்பக்கமாக ஒடித்து, கால்வாய் ஓரத்தில் உரசி உரசித்தான் நிறுத்தினேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்லை. வேன் இரும்புக் கடைக்குப் போனது. அதற்கப்புறம் இவர் யாரிடம் வண்டி இரவல் வாங்கி வந்தாலும், இறக்கத்தைக் கண்டதும் என் வலது கால் வெடவெடவென்று ஆடுகிறது. ஏற்றத்தில் ஒன்றுமில்லை. இறங்கத்தான் முடியவில்லை.

எத்தனை வியாழக்கிழமை வீணாகப் போனது! அவள் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள். கேட்கவும் தெரியாது பாவம், ஏன் போகவில்லை என்று.

12 ஜூலை, சனி

பிரிஞ்சாங் டவுனில் கூடாரம் போட்டு மின்சாரக் கார் காட்டுகிறார்கள். காய்கறி வாங்கப் போனவர்கள் அங்கே நின்றுவிட்டோம். நல்ல உயரமான வண்டி, பின்னால் மூன்று பேர் காலை நீட்டி உட்காரலாம். மாசாமாசம் கட்டுகிற தவணை நம்மைப் போன்றவர்களுக்கும் எட்டுகிற மாதிரிதான். மலர் என்று ஒரு பெண், ஈப்போவிலிருந்து வந்திருக்கிறாள். "ஓட்டிப் பாருங்க அக்கா, ஓட்டிப் பாக்க என்ன காசா பணமா?" என்றாள். நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். இவர்தான் ஏறி உட்கார்ந்தார்.

திரிங்காப், கோலா தெர்லா, கம்போங் ராஜா, அப்புறம் இறக்கம். கோலா தெர்லா வளைவிலேயே மலருக்கு முகம் வெளுத்துவிட்டது. பிளாஸ்டிக் பையை மடியில் விரித்துக்கொண்டு தலையைக் குனிந்தவள்தான், நிமிரவே இல்லை. மலையில் வண்டி விற்க வந்த பிள்ளைக்கு மலைப்பாதை ஆகாது! சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

இறக்கத்தில் சிரிப்பெல்லாம் போய்விட்டது. சத்தமே இல்லாமல் வண்டி உருண்டு ஓடியது. இவர் பிரேக்கை அழுத்தி அழுத்திப் பிடிக்கிறார். கருகிய வாடை வேறு. நான் டிஃபனியை இறுக்கிக்கொண்டேன். பாதியில் திருப்பி ஏறினால் பேட்டரி கடகடவென்று குறைகிறது. "இது டவுனுக்குத்தான் லா. மலைக்கு ஆகாது" என்று இவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கொஞ்ச நேரம் ஆசைப்பட்டேன். அதுதான் தப்பு.

13 ஜூலை, ஞாயிறு

பூசையில் மனம் ஒட்டவில்லை. மாதாவிடம் கேட்க வேண்டியதையெல்லாம் ஜனவரியிலேயே கேட்டு முடித்தாயிற்று.

15 ஜூலை, செவ்வாய்

இந்த மனுஷனை என்ன செய்தால் தகும்!

சாயங்காலம் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். இவர் மேட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் இறங்கி வருகிறார். டயர் கல்லில் நெரிகிற சத்தம் மட்டும் கேட்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் வருவார், எண்ணெய் மிச்சமாம். எஸ்டேட்டில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. மோட்டார் என்றால் அணைத்துவிடுவது, லோரி என்றால் எந்தக் கியரும் பிடிக்காத ஃப்ரீ கியரில் தள்ளிவிடுவது. கியரில் இறங்குகிறவனை விவரம் கெட்டவன் என்று கேலி செய்வார்கள்.

துணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்: "சனிக்கிழம அந்தக் காரையும் ஃப்ரீல விட்டீங்களா?"

"பின்ன? இறக்கத்துல எவன் கியர்ல போவான்?"

அப்படியே மலருக்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "ஐயோ அக்கா, அண்ணன் ஃப்ரீலயா விட்டாரு? நான் பைக்குள்ள மூஞ்ச வச்சிட்டு இருந்தேன், பாக்கலயே! கியர்லயே விட்டா, கால எடுத்தவுடனே கார் தன்னால புடிச்சுக்கும். அந்தப் புடிப்புலதான் பேட்டரியே ஏறும்."

தன்னால் பிடித்துக்கொள்ளுமா? பிரேக்கை மிதிக்காமலா? இவர் நம்பவில்லை. "விக்கிறவங்க அப்படித்தான் சொல்வாங்க." இருக்கட்டும், இந்தச் சனிக்கிழமை நானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

18 ஜூலை, வெள்ளி

நாளைக்கு நல்ல மழை பெய்தால் போக வேண்டியிருக்காது. பெய்யட்டுமே.

19 ஜூலை, சனி

மழை பெய்யவில்லை.

மலர் வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இவரும் டிஃபனியும் பின்னால். கம்போங் ராஜா வரைக்கும் ஒன்றுமில்லை. இறக்கம் தொடங்கும் இடத்தில் கால் ஆட ஆரம்பித்தது. ஓரமாக நிறுத்திவிட்டேன். சோளம் விற்கிற கடைக்காரர் நாங்கள் வாங்க வந்தோம் என்று நினைத்து எழுந்து வந்தார். வெட்கமாகப் போய்விட்டது. என்னால முடியாது, திரும்பிடலாம், அண்ணி வீட்டுக்கே போறேன், எங்கேயோ போறேன் — எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. இவர் ஜன்னலை இறக்கி ஒரு சோளம் வாங்கிக்கொண்டார். அதுவே பெரிய உதவி.

மலர்தான் மெதுவாகச் சொன்னாள். "பிரேக்க மறந்துடுங்க அக்கா. கால மட்டும் எடுங்க."

நகர்த்தினேன். வண்டி இறக்கத்தில் வேகம் பிடித்தது. காலை எடுத்தேன். பின்னாலிருந்து யாரோ முந்தானையைப் பிடித்து இழுத்த மாதிரி வண்டி தானே அடங்கியது. திரும்ப லேசாக மிதித்தேன், எடுத்தேன். திரும்பவும் அடங்கியது. மிதிக்க வேண்டியதே இல்லை என்றால் இந்தக் கால் எதற்கு ஆட வேண்டும்? ஆடவில்லை. ஒவ்வொரு வளைவாக இறங்கினோம். வேன் உரசிய இடமும் வந்தது. கால்வாய் ஓரத்தில் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். தாண்டியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் ஓட்டினேன், ஆனால் ஒழுங்காக ஓட்டினேன்.

பின்னாலிருந்து இவர் தலையை நீட்டித் திரையைப் பார்த்தார். "அட, பேட்டரி ஏறுது லா!" அப்புறம் கொஞ்சம் கழித்து, சின்னக் குரலில், "இத்தன வருஷம் லோரி ஓட்டி என்ன புண்ணியம்" என்றார். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது, வளைவு வந்துவிட்டது.

அடிவாரம் வரைக்கும் போய்த் திரும்பி ஏறினோம். ஏற்றத்தில் பேட்டரி குறையத்தான் செய்தது, கூடாரத்துக்கு வந்தும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அப்பாடா. ஆறு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. இன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

20 ஜூலை, ஞாயிறு

பெட்டி அண்ணிக்கு நானே போன் செய்து, கார் வாங்கப்போகிறோம், அங்கே குடிவரத் தேவையில்லை என்றேன். "ரூமுக்குப் புது கர்ட்டன்லாம் தச்சிட்டேனே" என்று குறைபட்டுக்கொண்டார். "கார் வந்ததும் வியாழக்கிழமதோறும் மத்தியானம் சாப்பிட வரோம் அண்ணி, மீன் குழம்பு வைங்க" என்றேன். என்ன மீன் வேண்டும் என்று கேட்டார். நல்ல மனுஷிதான், கூட இருந்தால்தான் கஷ்டம்.

9 ஆகஸ்ட், சனி

கார் வந்துவிட்டது. ஸ்டோர் பக்கத்து பிளக்கில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், மீட்டர் பார்த்துச் சம்பளத்தில் பிடிக்கட்டும் என்று எஸ்டேட் துரை சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் வந்து கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார்கள். இவரை ஓட்ட விட்டேன். முதல் இறக்கத்திலேயே கை ஃப்ரீ கியருக்குப் போகிறது! கையிலேயே ஒரு அடி போட்டேன். "பழக்கம் லா, பழக்கம்" என்கிறார்.

20 நவம்பர், வியாழன்

காலையில் கோலா தெர்லாவில் கோஸ் ஏற்றிய லோரிகள் வரிசை, அப்புறம் இறக்கம் முழுக்க மூடுபனி. மூன்று மாசமாக ஒரு வியாழனும் விடவில்லை, டிஃபனிக்குத்தான் இப்போது வாய் ஓயவில்லை. "அம்மா, லோரி. அம்மா, பெரிய லோரி. அம்மா, ஐஸ்கிரீம் வேணும். அம்மா, ஏன் வேணாம்? ஏன்? ஏன்?" நானும் எவ்வளவுதான் பதில் சொல்வது? முன்னால் போகிற விளக்கைப் பார்த்து ஓட்ட வேண்டாமா? "கொஞ்ச நேரம் பேசாம வாடி!" என்று அதட்டிவிட்டேன்.

அவள் பேசாமல் இருந்துவிட்டாள். அப்போதுதான் உறைத்தது, நான் யாரிடம் என்ன சொன்னேன் என்று. அகலமான இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். பின்னால் திரும்பி, "பேசு கண்ணு, பேசு" என்றேன். கோபித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிம்பாங் பூலாய் வரும்வரை கெஞ்சிக்கொண்டே ஓட்டினேன். கடைசியில் ஐஸ்கிரீம் வாங்கித் தந்த பிறகுதான், "இன்னொண்ணு" என்றாள்.