பிராக்கன்ஷாவில் யாருக்கும் இல்லாத பேர்

பிராக்கன்ஷா பண்ணை, யார்க்‌ஷயர்
மார்ச் 9

அன்பு மகன் வில்ஃபுக்கு அப்பா எழுதுவது. என் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். நீயும் நைரியும் அவள் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் அங்கே நியூசிலாந்தில் அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும். என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, அம்மாவுக்கு ஒன்றுமில்லை, எதிரே உட்கார்ந்து பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டு, நான் பேனாவைக் கீழே வைக்கிறேனா என்று காவல் காக்கிறாள். நாலு வருஷமாக அவள்தான் உனக்கு எழுதினாள், கடைசியில் 'அப்பாவும் விசாரித்தார்' என்று ஒரு வரி இருக்கும், அதுகூட நான் சொன்னதில்லை, அவளாகச் சேர்த்தது. இந்தத் தடவை நானேதான் எழுத வேண்டும், ஏனென்றால் வினை என் வாயால் வந்தது.

பிள்ளைக்கு நம் பிராக்கன்ஷா பேரை விட்டுவிட்டு, நைரி வீட்டுக் குடும்பப் பேரையே பதியப்போவதாக நீ எழுதிய கடிதம் மூன்று வாரத்துக்கு முன் வந்தது. அம்மா சத்தமாகப் படித்தாள், 'பேரை விட்டுட்டுப் போன்னு அப்பாதானே சொன்னார்' என்ற வரி வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள், நான் நாயைப் பார்த்தேன். சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. உன் பெட்டி வண்டியில் ஏறிய பிறகு கேட்டருகே நின்று, "மண்ணை விட்டுப் போறவனுக்கு மண்ணோட பேர் எதுக்குடா, அதையும் இங்கயே வச்சிட்டுப் போ" என்றேன். அதைப் போய் நாலு வருஷம் மனசில் வைத்திருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சரி, கடிதம் வந்த அன்றாவது வெட்கப்பட்டேனா, அதுவும் இல்லை, இன்னும் கோபம்தான் வந்தது. கொட்டகையில் கிடந்த நல்ல ஓக் பலகையை இழைத்து, 'பிராக்கன்ஷா பண்ணையில் பிராக்கன்ஷா குடும்பம், இன்ன ஆண்டு முதல் அசையாமல்' என்று எழுதி கேட்டில் மாட்டப்போகிறேன் என்று ஆரம்பித்துவிட்டேன். நீ போனால் என்ன, பேர் இங்கே நிற்கும் என்று ஒரு வீம்பு. "அசையாமலா, அதென்னவோ நிஜம்தான், ஒரு டீ வேணும்னாக்கூட நீ நாற்காலியை விட்டு அசைஞ்சு நான் பார்த்ததில்ல" என்றாள் அம்மா.

பலகை முடிந்தது, ஆண்டு மட்டும் பாக்கி. அதைக் கேட்கத்தான் டோரத்தியிடம் போனேன். தபால் பையைத் தூக்கிக்கொண்டு நம் மேட்டுக்கு ஏறி வருவாளே, அதே டோரத்திதான், இப்போது ஓய்வு பெற்று, பழைய பதிவுகளைத் தோண்டுவதே வேலையாக இருக்கிறாள். என்னோடு படித்தவள், எனக்குப் பயப்படாதவள். பத்து நாள் தேடிப் பார்த்துவிட்டு என்னை வரச்சொல்லி அனுப்பினாள். போனதுமே, "முதல்ல உக்காரு ஹெரால்ட், இஞ்சி கேக் எடுத்துக்க, அப்புறம் சொல்றேன்" என்றாள். அறுநூறு வருஷத்துக்கு முந்தைய பிராக்கன்ஷா ஊரில் ஹியூவின் மகன் ராபர்ட் இருந்தான், செம்பட்டை வில் இருந்தான், ஓடையோரத்து ஜான் இருந்தான், ஆனால் பிராக்கன்ஷா என்று பேர் உள்ளவன் ஒருத்தன்கூட இல்லையாம். அதெப்படி என்று மேசையைத் தட்டினேன். "தட்டாத, கப்பு உடையும். ஊர் மொத்தமும் பிராக்கன்ஷாவில இருக்கையில, ஏய் பிராக்கன்ஷான்னு கூப்பிட்டா யார் திரும்புவான்? எல்லாரும்ல திரும்புவாங்க. அந்த மாதிரிப் பேரெல்லாம் ஊரைவிட்டுப் போனவனுக்கு, போன இடத்தில வேத்தாளுங்க வச்சது" என்றாள்.

நம் பேர் முதன்முதலில் எழுத்தில் வருவது மலைக்கு அந்தப் பக்கம், இருபது மைல் தள்ளி, அந்தக் காலத்து நிலப்பிரபு ஒருவர் நடத்திய கோர்ட்டின் பதிவில். பிராக்கன்ஷாவிலிருந்து வந்த ஆதாம் என்பவனுடைய பன்றி பக்கத்து வீட்டுக்காரனின் அவரைக் கொல்லையில் புகுந்து மேய்ந்துவிட்டதாம், அதற்குப் பிராது. "பாத்துக்க, உங்க பரம்பரைப் பெருமை ஒரு பன்னியால ஆரம்பிச்சிருக்கு" என்று சொல்லி, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்த ஆதாம், ஹியூவின் இளைய மகனாக இருக்கலாம் என்பது அவள் ஊகம். அவன் வழி வந்தவர்கள் ஊர் ஊராக அலைந்திருக்கிறார்கள். என் தாத்தாவின் தாத்தா ஜோசப்தான் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எங்கிருந்தோ வந்து, பேர் ஒன்றாக இருக்கிறதே என்ற ஆசையில் இந்தப் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தாராம். அசையாத குடும்பமாம்! நான் கேக்கைத் தொடவே இல்லை, அதிலிருந்தே என் நிலைமையைத் தெரிந்துகொள்.

திரும்பி வந்தவன் கேட்டைத் திறக்காமல் அங்கேயே நின்றேன். அந்த ஆதாம் புறப்பட்ட அன்றைக்கு அவன் அப்பன் ஹியூ என்ன சொன்னானோ, டோரத்தியின் எந்தத் தாளிலும் அது இல்லை. நல்லபடியாகத்தான் அனுப்பியிருப்பான் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை, ஏனென்றால் நான் சொன்னதுதான் காதில் கேட்டது. அழுதேன். அதையும் எழுது என்கிறாள் அம்மா, எழுதிவிட்டேன். வில்ஃப், நான் சொன்னது தப்பு. கோபத்தில் வந்த தப்பு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் மாட்டேன், தப்பு என்றால் தப்புதான். அங்கே உன்னோடு ஆட்டுக் கம்பளி கத்தரிக்கும் ஆட்கள் உன்னை வில்ஃப் என்று கூப்பிடுவதில்லை, 'யார்க்‌ஷயர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று நீ எழுதியிருந்தாயே, அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றிருந்தது, இப்போது சிரிப்பு வருகிறது. ஆதாமுக்கும் இப்படித்தானே நடந்திருக்கும். இந்தப் பேர், ஊரைவிட்டுப் போனவன் சொத்து. உன்னிடமிருந்து அதைப் பிடுங்கி வைத்துக்கொள்ள நான் யார்? பிள்ளைக்கு எந்தப் பேர் வைப்பது என்பது உங்கள் இரண்டு பேர் இஷ்டம், நைரி வீட்டுப் பேரே என்றாலும் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் நான் தடுத்தேன் என்பதற்காக மட்டும் நம் பேரை விட்டுவிடாதே.

பலகையைக் கோழிக்கூட்டுக் கதவில் ஓட்டை அடைக்க அடித்துவிட்டேன், எழுத்து உள்பக்கம். கோழிகள் படித்துவிட்டு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் மூன்று வாரத்தில் ஆடுகள் குட்டி போட ஆரம்பிக்கும், முழங்கால் தாங்கினால் சரி. நைரியைத் தண்ணீர் வாளி தூக்கவிடாதே, ஈரத்தில் நின்றுகொண்டு கம்பளி கத்தரிக்காதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே சளி நெஞ்சில் கட்டும். பிள்ளை பிறந்ததும் எந்த நேரமானாலும் போன் செய், இந்தத் தடவை நானே எடுக்கிறேன். மூன்று பேரையும் கடவுள் நல்லபடியாக வைக்கட்டும், என் ஆசீர்வாதம் முழுசாக உங்களோடு இருக்கிறது, ஒன்றையும் இங்கே பிடித்து வைத்துக்கொள்ளவில்லை.

முழுப்பேரைப் போட்டுக் கையெழுத்திட வந்த கை நின்றுவிட்டது. இருந்த இடத்திலேயே இருக்கிறவனுக்கு அந்தப் பேர் வேண்டியதில்லையே. இது போதும்.

உன்
அப்பா