படத்தின் ஓரத்தில் பாதிப் பலகை

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா சொல்லச் சொல்ல நம் கேமரா ரிப்பேர்காரர் எழுதும் கடிதம். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்களுக்கு வேண்டியது. அம்மாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, டாக்டர் நடக்கச் சொன்னார், அவள் வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்து என் உயிரை வாங்குகிறாள். மற்ற கதையெல்லாம் கிடக்கட்டும். இதைப் படித்து முடித்ததும் நீ அந்த வீட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும் பாப்பா. பதறாதே, ஆனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் உட்கார்ந்துவிடாதே.

நேற்று மாப்பிள்ளையின் அண்ணன் வந்தான். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறானே, அவன்தான். சத்தம் போடவில்லை, சண்டைக்கு நிற்கவில்லை, சிரித்துக்கொண்டே உட்கார்ந்து அம்மாவிடம் டீ கேட்டு வாங்கிக்கொண்டான். போனை எடுத்து என் முன்னால் நீட்டினான், அதில் நீ எடுத்த பனிமூட்டப் படம், பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாக நிரம்பி ஒரே ஒரு மரம் மட்டும் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்குமே அது. நீ சொன்னபடிதான் ரிப்பேர்காரர் உன் ஃபிலிம் சுருளைக் கழுவி, எனக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டு, ரேஞ்ச்ஃபைண்டர் என்கிற உன் மாதிரிப் பழைய கேமரா வைத்திருப்பவர்கள் இன்டர்நெட்டில் பயணப் படம் போட்டுப் பார்க்கிற அந்தப் பக்கத்தில், நீ முன்பு அங்கே வைத்திருந்த பெயரிலேயே போட்டிருக்கிறார். ஆள் இல்லாத படம்தானே, மலைக்கும் பனிக்கும் விலாசம் ஏதுப்பா என்று நீ கேட்டு அனுப்பினாய், எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. ஆனால் அவன் விரலால் படத்தைப் பெரிதாக்கிக் கீழ் ஓரத்தைக் காட்டினான், அங்கே உன் ஜன்னலுக்கு வெளியே தொங்கும் சலவைக்கடைப் பலகையில் பாதி மங்கலாகத் தெரிந்தது. தங்கச்சி நல்லா படம் புடிக்குது மாமா, பாதி எழுத்துதான் தெரியுது, மீதியை நீங்க சொல்லிட்டா வேலை சுலபம் என்றான். உன் கையை முறித்தவனுக்கு அண்ணன், உன்னைத் தங்கச்சி என்கிறான், கேட்டுக்கொள். தம்பி, முழுப் பலகையைக் கொண்டாந்து மடியில வெச்சாலும் எனக்குப் படிக்கத் தெரியாதே என்றேன். படிக்கவே வேணாம் மாமா, உங்களுக்கு ஒரு தடவ காதுல விழுந்தா மறக்கவே மறக்காதுன்னு அத்தனை பேருக்கும் தெரிஞ்ச விஷயமாச்சே என்றான்.

பிறகு ஊர்ப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தான். எந்த மலைக்கு எந்த ஊர் வழியாக லோடு போகும் என்று நாள் முழுக்க ஒப்பிக்கிற வாய் அது, வரிசையாக வந்துகொண்டே இருந்தது. வாய் பெயரைச் சொல்கிறது, கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. நான் ஒவ்வொன்றுக்கும் தெரியாது தெரியாது என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் நீ ஒளிந்திருக்கும் ஊர் வந்தது. முகத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டேன், கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். அவன் அதற்குமேல் இரண்டு ஊரைச் சும்மா சொல்லிவிட்டு டீயை அடிவரைக்கும் குடித்தான், டீ அருமை அத்தை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் தெருமுனை தாண்டின பிறகுதான் அம்மா வந்து கேட்டாள், எல்லாத்துக்கும் தலைய ஆட்டுனீங்களே, அந்த ஊருக்கு மட்டும் ஏங்க ஆட்டல என்று. ஆட்டாத தலையே அவனுக்குப் பதிலாகிவிட்டது பாப்பா.

நேரே ரிப்பேர்காரர் கடைக்கு ஓடினேன். அவருக்குப் படத்தில் அந்தப் பலகை முன்னாலேயே கண்ணில் பட்டிருக்கிறது, நீ வேண்டுமென்றே சேர்த்தது என்று நினைத்துவிட்டாராம். உன்னுடையதைப் போல ஒரு கேமராவை மேஜையில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். கண் வைக்கிற ஓட்டை ஒரு பக்கம், படம் விழுகிற கண்ணாடி இன்னொரு பக்கம், இரண்டும் ஒரே இடத்தில் இல்லை. தூரத்து மலைக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பொருள்தான் நம் கண்ணுக்குத் தெரியாமல் படத்துக்குள் புகுந்துகொள்கிறது என்றார். ஆக நீ பார்க்கும்போது பலகை இல்லை, படத்தில் இருக்கிறது. கழுவின படத்தை நீ கண்ணாலேயே பார்க்கவில்லை. நீ அவரை நம்பினாய், அவர் உன்னை நம்பினார். என் தப்பையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டுமா என்று இப்போது கேட்கிறார், இது என் கடிதம், உங்க மன்னிப்பைத் தனித் தாளில் எழுதிக்குங்க என்று சொல்லிவிட்டேன்.

கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு வருகிறவரை யாருக்கும் இடம் தெரியக் கூடாது என்று வக்கீலம்மா சொல்லித்தானே உன்னிடம் போன்கூட இல்லை. அதனால்தான் இதை வழக்கமாக ஃபிலிம் கொண்டு வரும் பஸ் டிரைவர் கையில் கொடுக்கிறோம். அவர் திரும்பும்போது அதே பஸ்ஸில் ஏறிவிடு, டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார். வழியில் வக்கீலம்மா அனுப்பும் பெண் ஏறுவாள், உன் சின்ன வயதுப் பட்டப்பெயரைச் சொல்வாள், சொல்லாவிட்டால் யாரோடும் இறங்காதே. துணிமணி போனால் போகிறது. கேமராவை மட்டும் விட்டுவிட்டு வராதே, அவனுக்குப் பயந்து அதை மூடி வைக்கவும் வேண்டாம். எடுத்துக்கொண்டே இரு, சுருளை உன்னிடமே வைத்துக்கொள், இப்போதைக்கு யாருக்கும் அனுப்பாதே, எங்களுக்கும்தான்.

புது இடம் எது என்று வக்கீலம்மா சொல்ல வாயெடுத்தார், நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அம்மாவும் கேட்கவில்லை. எனக்கு ஒன்று காதில் விழுந்தால் சாகும்வரை போகாது, மறக்கப் பார்த்தாலும் வராது. நீயும் எழுதிவிடாதே, யாரிடமும் சொல்லி அனுப்பிவிடாதே. அவன் மறுபடியும் வருவான், டீ கேட்பான், ஊர்ப் பெயர்களைச் சொல்வான். இந்தத் தடவை எல்லாப் பெயருக்கும் என் தலை ஒரே மாதிரி ஆட வேண்டும்.

நூறு வருஷம் நல்லபடியாக இரு தாயி, எங்கே இருந்தாலும் எங்கள் இருவர் ஆசியும் உன் தலைமேல் இருக்கும். கதவைத் தட்டினால் யாரென்று கேட்டுவிட்டுத் திற. படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அப்பா